சுத்தியலைக் கீழே வை, நண்பா!



சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி நாலு வரிக் கவிதை எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு வருஷமாக மனசை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதப் போகிறேன்? அந்த விஷயம் ஒரு ஸ்டியரிங் வீல்.

"ஸ்டியரிங் வீலா? அதுக்கு எதுக்குடா ஒரு கட்டுரை? நடுவுல ஒரு நட்டு. கழட்டினா வந்துடப் போவுது!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. போன வருஷம் கோடை விடுமுறை வரைக்கும் நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான்

விடுமுறையில் போடிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகப் போயிருந்தேன். விடியற்காலை இருட்டில் ஏலத் தோட்டத்துக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பற்றித் தேனி மாவட்டத்து நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு ஜீப் அன்று மாலை வந்து நின்றது. உயர்ந்த பானட் வைத்த பழைய வண்டி. வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த சி.ஜே.3பி. மாடலை மகிந்திரா நம் நாட்டில் செய்து விற்றதே, அந்த ஜாதி. ஸ்டியரிங்கில் ஏகப்பட்ட ஆட்டம். வீலைத் திருப்பினால் சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது.

மேஸ்திரி பார்த்தார். "பாக்ஸை எறக்கணும். வீலைக் கழட்டாம பாக்ஸ் வராது. தம்பி, நீ நட்டை லூஸ் பண்ணி, ஆயில் ஊத்தி ஊற வச்சிரு. நான் பேரிங் வாங்கிட்டு வந்து இழுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு டவுனுக்குக் கிளம்பினார். கவனியுங்கள், அவர் சொன்னது 'லூஸ் பண்ணு' என்று மட்டும். 'கழட்டு' என்று சொல்லவில்லை. 'அடி' என்று சொல்லவே இல்லை.

நான்தான் டிப்ளமோ ஆச்சே! ஸ்டியரிங் கியர் பாக்ஸ் வகைகள் என்று கேட்டால் படம் போட்டுப் பத்து மதிப்பெண் வாங்குகிறவன் ஆச்சே! மேஸ்திரி வருவதற்குள் வீலைக் கையில் எடுத்து வைத்து அசத்திவிடலாம் என்று ஆசை. பாட்டரி வயரைக் கழற்றாமலே ஹார்ன் பட்டனை நெம்பினேன். உள்ளே இருந்த வயர் தண்டில் பட்டதும் ஹார்ன் அலறிய அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. நட்டை முழுசாகக் கழற்றிப் போட்டேன். இழுத்தேன், வரவில்லை. ஆட்டினேன், வரவில்லை. உதவிக்கு இருந்த பையனை வீலை மேல் பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பவுண்டு சுத்தியலை எடுத்துத் தண்டின் முனையில் நாலு போடு போட்டேன்.

வீல் அசையவில்லை. மரைதான் காளான் மாதிரி விரிந்து நின்றது. நட்டைத் திரும்ப வைத்துப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கூட ஏறவில்லை.

"அண்ணே, அரம் போட்டு நட்டை ஏத்திரலாம்ணே. மேஸ்திரிக்குத் தெரியாது" என்றான் பையன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு ஐந்து நிமிஷம் நானும் அதைத்தான் யோசித்தேன். அரத்தைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வண்டிக்கார அண்ணன் எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். "தம்பி, காலையில நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்ப்பா. பதினோரு பேரு ஏறுவாங்க. முடிஞ்சிருமா?" என்றார்.

டீ இறங்கவில்லை. பதினோரு பேர். மலைப் பாதை. என் அரம்.

மேஸ்திரி வந்ததும் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அரம் போட்டா நட்டு ஏறும் தம்பி. ஆனா இறுகாது. இறுகாத நட்டு ஒரு நாள் கழண்டு வீல் கையோட வரும். அந்த எடத்துல பிரேக் போட்டு நிக்கவும் எடம் இருக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு புல்லரைப் போட்டு வீலை எடுத்து, பாக்ஸையும் இறக்கிப் பிரித்தார். பேரிங் பாதையில் நகத்தால் தடவச் சொன்னார். குழி குழியாக நகம் தட்டுப்பட்டது. "பழசும் இருக்கும், உன்னுதும் இருக்கும்" என்றார்.

அந்தத் தண்டும் காமும் சேர்ந்த உருப்படி பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வர மூன்றாம் நாள் ஆனது. வண்டிக்காரருக்கு இரண்டு நாள் ஓட்டம் போச்சு. அதைவிட, அவரை நம்பி விடியற்காலையில் வந்து நின்றவர்களில் பாதிப் பேருக்கு வேறு ஜீப்பில் இடம் கிடைக்கவில்லை. அன்றைய கூலி போச்சு. என் நாலு அடியின் விலை அது.

வீல் ஏன் வரவில்லை?

அன்று ராத்திரி பாடப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். கொஞ்சம் இயற்பியலை வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது.

பல பழைய வண்டிகளில் ஸ்டியரிங் தண்டின் மேல் முனை நேரான உருளை இல்லை, லேசாகக் கூம்பியிருக்கும். மேலே நீளவாக்கில் நுண்ணிய பற்கள் இருக்கும். வீலின் நடு மையத்துக்கு ஹப் என்று பேர். அதன் உள்ளேயும் அதே கூம்பு, அதே பற்கள். நட்டை இறுக்கும்போது ஹப் கூம்பின்மேல் ஆப்பு மாதிரி இறங்கிக் கவ்விக்கொள்கிறது. மரத்தில் அறைந்த ஆப்பு தானாக வெளியே வருமா? நட்டு போன பின்னும் வீலை உராய்வுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இருபது முப்பது வருஷத் துருவும், டிரைவர்களின் கை வியர்வையும், மழைத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சுத்தியலால் தண்டின் தலையில் அடித்தால் அந்த அடி எங்கே போகிறது? வில்லிஸ் வழி வந்த ஜீப்பில் இருப்பது ராஸ் வகை 'காம் அண்ட் லீவர்' பாக்ஸ். மேலே நாம் அடிக்கும் குழாய்த் தண்டும் கீழே பாக்ஸுக்குள் இருக்கும் காமும் ஒரே உருப்படி. காமின் இரண்டு பக்கமும் பால் பேரிங். ஆகவே தலையில் விழுகிற அடி தண்டு வழியாக நேராகக் குண்டுகளுக்கு இறங்குகிறது. குண்டு பாதையைத் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுதான். அத்தனை அடியும் அந்தப் புள்ளியில் விழுந்தால் குழி விழாமல் என்ன செய்யும்? பிறகு ஓட்டும்போது வீல் திரும்புவது வழவழவென்று இருக்காது, தட்டித் தட்டித் திரும்பும்.

"சரி, தலையில அடிக்க வேண்டாம், ஹப்புக்கு அடியிலேருந்து மேல தட்டுவோம்" என்று சிலர் சொல்வார்கள். திசைதான் மாறும். கீழ்ப் பேரிங்குக்குப் பதில் மேல் பேரிங் அடி வாங்கும். வீலின் கம்பிகளும் வளையும்.

புல்லரின் அழகே வேறு. ஹப்பைப் பிடித்து மேலே இழுக்கிறது, அதே நேரம் நடு போல்ட் தண்டைக் கீழே அமுக்குகிறது. இழுப்பதும் அமுக்குவதும் சமம். இரண்டும் ஹப்புக்கும் தண்டுக்கும் நடுவிலேயே கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. கீழே இருக்கும் பேரிங்குக்கு ஒரு சேதியும் போவதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை முதல் வருஷத்தில் எத்தனை முறை எழுதியிருப்போம்? அது வேலை செய்வதை நான் ஒர்க்‌ஷாப்பில்தான் பார்த்தேன்.

பலத்தையும் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நடு போல்ட் எம்-16 என்றால் ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் முன்னேறும். 300 மில்லிமீட்டர் ஸ்பேனரின் நுனி அந்த ஒரு சுற்றில் ஏறக்குறைய 1885 மில்லிமீட்டர் சுற்றி வருகிறது. பங்கிட்டால் 940 மடங்குக்கு மேல். 20 கிலோ பலத்தில் இழுத்தால், உராய்வில் பத்தில் ஒன்பது பங்கு வீணானாலும் இரண்டு டன்னுக்குப் பக்கமாக மிஞ்சும். இதில் பயில்வான் வேலை ஒன்றும் இல்லை. 'ஆட்டோமொபைல் பிரிவு பெண்களுக்கு ஒத்து வராது, கை பலம் வேணும்' என்று பேசுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கைச் சமர்ப்பிக்கிறேன்.

எப்படிக் கழற்ற வேண்டும்?

மேஸ்திரியிடம் பிறகு முறையாகக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ரெக்கார்டில் எழுதாவிட்டாலும் மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பாட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றுவது. இல்லாவிட்டால் எனக்கு நடந்த கச்சேரி உங்களுக்கும் நடக்கும். அடுத்து, முன் சக்கரங்களை நேராக நிறுத்துவது. பிறகு ஹார்ன் பட்டனை எடுத்து, வயரைச் சிதைக்காமல் விடுவித்து ஒதுக்குவது. பழைய ஜீப்பில் இந்த வயர் தண்டுக் குழாயின் உள்ளேயே ஏறி வருகிறது. முனையில் அடித்தால் மரையோடு வயரும் போகும்.

அப்புறம் அடையாளம். தண்டிலும் ஹப்பிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் சின்னதாகப் புள்ளி வையுங்கள். சாக்பீஸ் கோடு போதாது, ஆயில் பட்டால் போய்விடும். தண்டில் 36 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் தப்பி மாட்டினால் 10 டிகிரி கோணல். வண்டி நேராகப் போகும்போது வீல் சாய்ந்து நிற்கும். டிரைவர் பாவம், வண்டிதான் இழுக்கிறது என்று நினைத்து அலைன்மென்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்போது நட்டு. முழுசாகக் கழற்றக் கூடாது. நட்டின் மேல் விளிம்பு தண்டின் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தி விட்டுவிட வேண்டும். இதில் இரண்டு லாபம். மரைக்கு நட்டே கவசம். அதோடு, வீல் 'டப்'பென்று விடுபடும்போது நம் மூக்கையோ பல்லையோ பதம் பார்க்காமல் நட்டு தடுத்து நிறுத்தும். நட்டை அடியோடு கழற்றிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலாலும் இழுத்து, வீல் வந்த வேகத்தில் வாயில் வாங்கியவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருவர் இருப்பார்கள்.

துரு இருந்தால் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். அவசரப்பட்டு கேஸ் கட்டிங் டார்ச்சைக் காட்டாதீர்கள். பழைய வீல்களின் கெட்டி ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெடித்துவிடும். ஏற்கெனவே வெயிலில் காய்ந்து கோடு விட்டுத்தான் இருக்கும். பிறகு புல்லர். ஹப்பில் மரைத் துளை இருந்தால் அதில் போல்ட் போட்டு இழுக்கும் தட்டுப் புல்லர். இல்லாவிட்டால் ஹப்பின் அடியைக் கவ்வும் கால் புல்லர். வீலின் விளிம்பிலோ கம்பியிலோ மாட்டி இழுக்கக் கூடாது. தண்டு குழாயாக இருந்தால் முனைக்கும் புல்லர் போல்ட்டுக்கும் நடுவில் கெட்டியான இரும்புத் துண்டு ஒன்று வேண்டும். கொஞ்சம் இறுக்கி, நின்று, மறுபடி இறுக்கி... பொறுத்தவனுக்கு வீல் ஒரு சின்ன சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும்.

மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி. பற்களைத் துடைத்து, மரையைப் பார்த்து, அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். சந்தேகமான நட்டைத் திரும்பப் போடவே கூடாது.

இதெல்லாம் நமக்கு ஏன் தெரியவில்லை?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வருகிறேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அக்கர்மேன் ஸ்டியரிங் படம் போடச் சொன்னால் நம்மில் கண்ணை மூடிக்கொண்டு போடாதவர் யார்? காம்பர், காஸ்டர், கிங் பின் சாய்வு, டோ-இன் என்று அடுக்காதவர் யார்? ஆனால் ஓடிய வண்டியிலிருந்து ஒரே ஒரு ஸ்டியரிங் வீலைக் கழற்றியவர் எத்தனை பேர்? நம் லேபில் ஒரு கட்-செக்‌ஷன் மாடல் நிற்கிறது. சிவப்பு, மஞ்சள் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. அதில் வீல் என்றைக்கும் இறுகிக்கொண்டதில்லை, நட்டு என்றைக்கும் துருப்பிடித்ததில்லை. அதைச் சுற்றி முப்பது பேர் நின்று பார்க்கிறோம். ரெக்கார்டைப் போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வளர்ந்தவர்கள் எல்லாரும் என் மேஸ்திரி மாதிரி இல்லை. "முப்பது வருஷமா சுத்தியல்லதான் கழட்டறேன், என்ன ஆயிடுச்சு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாசலில் வண்டிக்காரர் நிற்கிறார், கூலி ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டது, ராத்திரி ஊற வைக்க நேரம் இல்லை. ஆனால் "என்ன ஆயிடுச்சு" என்பதற்குப் பதில் அவர் கண்ணில் படுவதில்லை. ஆறு மாசம் கழித்துப் பேரிங் போகும்போது வண்டி வேறு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

அந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. மேஸ்திரிக்குக் கை தெரியும். நமக்குக் காரணம் தெரிய வேண்டும். அடி எங்கே போய் விழும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவன்தான் டிப்ளமோ ஹோல்டர் என்பது என் தாழ்மையான கருத்து. அது இல்லையென்றால் மூன்று வருஷம் படித்து, அரியர் எழுதி, நாம் வாங்கும் சர்டிபிகேட்டுக்கு என்ன அர்த்தம்?

'இனிமேல் பழைய வண்டி எதற்கு?'

என் அறை நண்பன் கேட்டான்: "டேய், அம்பாசிடரே 2014-ல நின்னு போச்சு. இப்ப எல்லாம் எலக்ட்ரிக் வண்டி. நீ இன்னும் ஜீப்பைக் கட்டிக்கிட்டு அழுவறியே?"

நியாயமான கேள்வி. ஆனால் நண்பர்களே, புது வண்டியில் சுத்தியல் இன்னும் ஆபத்து. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். அது வீலின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாட்டரியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அதன் மின்சுற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். மேனுவல் சொன்ன நேரம் காத்திருக்காமல் கை வைத்தால், கண் இமைப்பதற்குள் முகத்தில் வெடிக்கும். மோதும்போது தானே மடங்கி டிரைவரின் நெஞ்சைக் காப்பாற்றும் காலம்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1968 முதலே அதற்கான விதிகள் வந்துவிட்டன. சில வகைக் காலம்களில் சின்னப் பிளாஸ்டிக் ஊசிகள்தான் அதை விறைப்பாகப் பிடித்திருக்கும். தலையில் ஒரு அடி போட்டால் ஊசி உடைந்துவிடும். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலம்களில் டார்க் சென்சர் வேறு. பழைய ஜீப் நம்மைப் பேரிங்கோடு மன்னித்தது. புது வண்டி மன்னிக்காது. பழைய வண்டியில் கை பழகாதவன் புது வண்டியில் கை வைக்கவே கூடாது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் நானில்லை. இரண்டு யோசனை சொல்கிறேன்.

ஒன்று. ஃபிட்டிங் ஷாப்பில் வருஷா வருஷம் 'வி' ஃபிட்டிங்கும் சதுர ஃபிட்டிங்கும் அராவி, மார்க் போட்டதும் ஸ்கிராப்பில் எறிகிறோம். அதில் ஒரு வேலையை ஸ்டியரிங் புல்லர் செய்வதாக மாற்றக் கூடாதா? 20 மில்லிமீட்டர் தடிப்பு இரும்புப் பட்டை ஒன்று. நடுவில் 14 மில்லிமீட்டர் டிரில் போட்டு எம்-16 டேப். இரண்டு பக்கமும் போல்ட் நகர நீள்துளை. மார்க்கிங், ஹாக்ஸா, ஃபைலிங், டிரில்லிங், டேப்பிங் என்று சிலபஸில் இருக்கிற எல்லாமே வந்துவிடுகிறது. வருஷ முடிவில் ஆளுக்கு ஒரு கருவி கையில் இருக்கும்.

இரண்டு. அரசுத் துறைகள் கழித்துப் போட்டு ஏலம் விடும் ஜீப்புகளில் ஒன்றை நம் துறைக்கு வாங்கித் தரச் சங்கம் முதல்வரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. துருப்பிடித்திருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு மாணவரும் ஒரு முறை கழற்றி, ஒரு முறை மாட்டட்டும். புள்ளிக்குப் புள்ளி சேர்ந்ததா என்று பார்த்து மார்க் போடட்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சங்கத்திடம் கேட்க முடியாது, உங்களிடம்தான் கேட்க வேண்டும். நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராகவோ, சொந்த ஒர்க்‌ஷாப் வைத்தோ உட்காரும்போது, ஒரு பையன் தலை குனிந்து வந்து, "அண்ணே, தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்வான். அப்போது என் மேஸ்திரி மாதிரி இருங்கள். அன்றைக்கு அவர் என்னை அறைந்திருந்தால், அடுத்த தடவை நான் அரத்தைத்தான் எடுத்திருப்பேன். அவர் அறையாததால் உண்மையைச் சொல்லப் பழகினேன்.

அந்த ஜீப் இன்றைக்கும் மலையேறுகிறது. விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில், "வா தம்பி, முன்னாடி உக்காரு, மேல வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று வண்டிக்கார அண்ணன் கூப்பிட்டார். போனேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் கையைப் பார்க்கவில்லை, வீலின் நடுவில் இருந்த அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இறுக்கியது நான். மேஸ்திரி பக்கத்தில் நின்று சரிபார்த்தார்.

சிந்தியுங்கள் நண்பர்களே. சுத்தியலை எடுக்கும் முன், வண்டியில் ஏறப் போகிறவர்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

- இறுதியாண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு